மூன்றாம் அறையில் சக்கரம்

சக்கரம் என்பது அவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஓட்டுநர் உரிமத்தை விட்டு வெளியே வந்ததில்லை. சரக்குக் கிடங்கில் அவர் உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை. லோடு ஏறி முடிகிறவரை மற்ற ஓட்டுநர்கள் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இவர் டயரைத் தட்டிப் பார்ப்பார், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பார், மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு அவர்கள் உயிரை வாங்குவார். "அண்ணே, சும்மா நிக்கத் தெரியலைன்னா கிடங்கை ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்களேன்" என்று ஒரு சுமைக்காரர் எரிச்சலில் சொல்ல, இவரும் மறுபேச்சில்லாமல் சுற்றிவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மீசை அரும்புகிற வயதில் கிளீனராக வண்டி ஏறியவர். தலைமுடி நரைக்கிற வரைக்கும் இறங்கவில்லை. பகலில் கனரக வண்டிகளை நகரத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் அவர் புறப்படுவதெல்லாம் பொழுது சாய்கிற நேரத்தில்தான். கல்யாணமான புதிதில் மனைவி வாசல்வரை வந்து நிற்பாள். பிள்ளை பிறந்த பிறகு ஜன்னலில் நின்றாள். அப்புறம் தையல் மிஷின் வாங்கி, பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைக்க ஆரம்பித்ததும், மிஷினை நிறுத்தாமலே தலையை மட்டும் ஆட்டினாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. நின்று வழியனுப்புகிறவளுக்குத்தான் அலுத்துப் போகும், போகிறவருக்கு அலுக்கவே இல்லை.

ஒருநாள் கை தவறி விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து அதே கோலத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். முதுகுத்தண்டில் வட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்.

"எப்ப டாக்டர் வண்டி எடுக்கலாம்?"

"வண்டியா? அதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கங்க. மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிச்சீங்கன்னா அடுத்த தடவை இங்கிருந்து நடந்து போகமாட்டீங்க."

இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் வீட்டையே ஒரு லாரிக் கொட்டகை ஆக்கிவிட்டார். கெடாத குழாயைப் பழுது பார்த்துக் கெடுத்தார். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தச் சொல்லி, மறுநாள் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னார். மனைவி காலர் தைக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, வளைவு வருது பாரு" என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் மிஷினை விட்டு எழுந்தே விட்டாள்.

"இந்தாங்க, நீங்களே ஓட்டுங்க. நான் போய் எங்கயாச்சும் உக்காந்துக்கறேன்."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லலை. இத்தனை வருஷம் நீங்க வீட்ல இல்லைன்னு நினைச்சு அழுதிருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவர்களுடைய மகள் நகரத்து அருங்காட்சியகத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் கால்களைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால்கள் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தன. ஓவியப் பிரிவின் அதிகாரியிடம் போய்ப் பேசினாள். அறைக் காவலர் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்த சமயம் அது. ஒரு நாற்காலி, ஒரு சீருடை, சுவரில் படங்கள், தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"அப்பா, அங்க சத்தம் போட்டுப் பேசக்கூடாது. அறையை விட்டு நகரக்கூடாது. யாராவது கேட்டாத்தான் பதில் சொல்லணும். முடியுமா?"

"இதிலென்ன இருக்கு. உக்கார்றதுக்கு ஒரு வேலையா?" என்றார் சக்கரம், உட்கார்வதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்பதை அறியாமல்.

அவருக்குக் கொடுத்தது மூன்றாம் அறை. நீர்வண்ண ஓவியங்கள் மட்டும் உள்ள அறை. வெளிச்சம் பட்டால் அந்த வண்ணங்கள் வெளிறிப் போகும் என்பதால் ஜன்னல்களை அடைத்து, மங்கலான விளக்குகளைப் போட்டிருந்தார்கள். வெயிலிலேயே வெந்த மனுஷருக்கு முதல் நாள் கிணற்றில் இறங்கினது போல இருந்தது. கண் பழகினதும் எல்லாப் படங்களையும் ஒரு பார்வை பார்த்தார். பூக்கள், ஒரு பாலம், குடை பிடித்த பெண்கள், இடிந்த சுவர். எதுவும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. நாற்காலிக்கு நேரெதிரே மாட்டியிருந்தது மட்டும் அவரை விடவில்லை.

ஆறு ஒன்று, பொழுது சாய்கிற நேரம். கையகலம் இரண்டு சேர்ந்த அளவுதான் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று கீழே சின்னப் பலகையில் எழுதியிருந்தது. சூரியன் கண்ணுக்குத் தெரியவில்லை, மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. அது விட்டுப்போன ஆரஞ்சு நிறம் தண்ணீரில் நீளமாகக் கரைந்து, ஓரத்துக்கு வர வர ஊதாவாகிப் புகைந்தது. எதிர்க்கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இடது கரையோரமாக ஒரு வண்டிப் பாதை. இரண்டு தடம் பதிந்த மண்பாதை. அது ஆற்றோடு கூடவே கொஞ்ச தூரம் வந்து, ஒரு மரக்கூட்டத்தைத் தொட்டு வளைந்து, மறைந்துவிட்டது.

சக்கரத்துக்குப் பிரச்சினை அந்தப் பாதைதான். ஆற்றை அவர் பார்த்தாரா என்றால் பார்த்தார். லாரி ஓட்டுகிறவர் ஆற்றைப் பார்க்கிற மாதிரி, ஓரக்கண்ணால். பாதையைத்தான் முழுக்கண்ணாலும் பார்த்தார். எவ்வளவு அகலம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்கிறதா, மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்குமா, எல்லாம் கணக்குப் போட்டார். மரக்கூட்டம் வரைக்கும் தடையில்லாமல் போக முடிந்தது. அங்கே போனதும் முட்டிக்கொண்டு நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன?

காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்புவார். வளைவுக்கு வந்து நிற்பார். மறுபடி பின்னால் போய்க் கிளம்புவார். மத்தியானத்துக்குள் மனுஷர் வியர்த்துப்போய்விடுவார். எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்ச் சட்டத்தின் ஓரமாக எட்டிப் பார்ப்பார், மூலையில் மறைந்திருக்கிற தெரு பக்கவாட்டில் நின்றால் தெரியும் என்பதைப் போல. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

தாங்க முடியாமல் பார்வையாளர்களின் வாயைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"சார், அந்தப் பாதை எங்க போகும்னு நினைக்கறீங்க?"

"எந்தப் பாதை?"

"அதான் சார், கரையோரமா. பார்த்தீங்கன்னா பாரவண்டி போன தடம் தெரியுது. அப்ப அந்தப் பக்கம் சந்தையோ துறையோ இருக்கணும், இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் நின்று யோசித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், நிம்மதியாகப் படம் பார்க்க வந்தால் காவலர் குறுக்கு விசாரணை செய்கிறார் என்று கவுன்ட்டரில் போய்ப் புகார் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்தது மகள். மத்தியான இடைவேளையில் அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மானத்தை வாங்காதீங்கப்பா. உங்களை யாரு அந்தப் பாதையை அளக்கச் சொன்னது?"

ஓவியப் பிரிவு அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும் மெல்லிய குரல்காரி. நேரே அறைக்கு வந்து அவரோடு சேர்ந்து படத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "தாள் அங்க முடியுது."

"அது எனக்கும் தெரியும் மேடம். ஆனா வரைஞ்சவன் அங்க நின்னுருக்கான்ல? அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளைவை ஒருமுறை பார்த்தாள். போகிற போக்கில் ஒன்று மட்டும் சொன்னாள்: அந்தப் படம் இன்னும் கொஞ்ச நாள்தான் சுவரில் இருக்கும். வேறொரு நகரத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போகிறது. திரும்பி வந்ததும் பெட்டிக்குள் இருட்டில் வைத்துவிடுவார்கள். பல வருஷம் வெளியே எடுக்கமாட்டார்கள். நீர்வண்ணத்துக்கு அப்படி ஓய்வு கொடுத்தால்தான் நிறம் நிற்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் தைத்து முடித்த திரைகளைக் கடையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அருங்காட்சியகத்துக்கு வந்து நின்றாள். மூன்றாம் அறை வாசலில் அவளைக் கண்டதும் சக்கரம் பதறி எழுந்தார்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை. உங்களைச் சாப்பிட விடாம பண்றது எதுன்னு பார்க்க வந்தேன்."

அவர் படத்தைக் காட்டினார். பாதையைக் காட்டினார். வளைவைக் காட்டினார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், துணியில் இழை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு படத்துக்கு இன்னும் பக்கத்தில் போனாள்.

"இவளை ஏன் சொல்லலை நீங்க?"

"யாரு?"

"இதோ, தண்ணிகிட்ட. ஒரு பொம்பளை நிக்கறா பாருங்க."

சக்கரம் குனியப் போய், இடுப்புப் பட்டை தடுக்க, முழங்காலை மடக்கிப் பார்த்தார். எதிர்க்கரையில் கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்குக் கருப்பாக ஏதோ நின்றது. இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தும் அவர் கண்ணில் படாதது.

"அது படகு கட்டுற கம்பம்."

"கம்பத்துக்குத் தோள் இருக்குமா? நிக்கற நிலையைப் பாருங்க. இந்த நேரத்துல ஒருத்தி ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறான்னா என்னத்துக்கு நிப்பா? போனவன் வர்றானான்னு பார்க்கத்தான்." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு இந்த நேரமே ஆகாதுங்க. விளக்குப் போடவும் மனசு வராது, போடாம இருக்கவும் முடியாது."

அவள் போன பிறகு அவர் அதிகாரியிடம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தாள். கம்பமாக இருக்கலாம், தூரிகை தவறின சொட்டாகவும் இருக்கலாம் என்றாள். பெண் என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. சக்கரத்துக்கு இருந்த தலைவலியோடு இன்னொரு தலைவலி சேர்ந்தது.

கண்காட்சிக்கு அனுப்பும் நாள் நெருங்கியது. படத்தோடு அருங்காட்சியகத்து ஆள் ஒருவர் வண்டியில் கூடவே போக வேண்டும், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்பது விதி. வழக்கமாகப் போகிறவர் கையை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். சக்கரம் அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றார். காலையில் நின்றார், மத்தியானம் நின்றார், வீட்டுக்குப் போகிற நேரத்திலும் நின்றார்.

"உங்க முதுகு?" என்றாள் அவள்.

"சும்மா உக்காந்துக்கிட்டு வர்றதுக்கு முதுகு எதுக்கு மேடம்?"

"சும்மா உக்காந்து வருவீங்களா?"

"சத்தியமா."

மகள் வேண்டவே வேண்டாம் என்றாள். மனைவி ஊசியில் நூல் கோத்தாள். அவருடைய சட்டையில் பிய்ந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள்.

படத்தை மெல்லிய தாளில் சுற்றி, பஞ்சணை வைத்து, மரப்பெட்டியில் பொதிந்து, வாடகை வேனின் பின்பக்கம் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். ஓட்டுநர் ஒடிசலான ஆள். வீட்டில் கைக்குழந்தை, தூக்கமே இல்லை என்று வண்டி எடுக்கும்போதே சொல்லிவிட்டார். சக்கரம் சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இனி அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஓட்டுநர் கியர் மாற்றினால் இவர் கை துடித்தது. பிரேக் போடத் தாமதித்தால் இவர் கால் தரையை ஓட்டை போட்டது. "முன்னால போறவன் இண்டிகேட்டர் போட்டிருக்கான்", "வலது பக்கம் பாரு", "ஹாரன் அடி" என்று வாய் ஓயவில்லை.

"அண்ணே" என்றார் ஓட்டுநர் கடைசியில், "நீங்க பெட்டியைப் பார்த்துக்கங்க, நான் ரோட்டைப் பார்த்துக்கறேன்."

வெயில் தாழ்ந்தபோது ஒரு பெரிய ஆற்றின் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாலத்தின் வாயில் ஒரு டேங்கர் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. வண்டிகளை எல்லாம் போலீசார் வந்த வழியே திருப்பிக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் போனால் விடிந்துவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சக்கரம் இடது பக்கம் பார்த்தார். கரையோரமாக ஒரு மண்பாதை. இரண்டு தடம். ஆற்றோடு கூடவே போய், ஒரு மரக்கூட்டத்தைத் தொட்டு, வளைந்து மறைந்தது. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

படத்தில் இருந்தது இந்த ஆறு இல்லை, மரங்களும் வேறு. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்து என்ன செய்ய?

"அந்த வழியா போனா அடுத்த பாலத்துல ஏறிடலாம்" என்றார்.

"உங்களுக்கு வழி தெரியுமா அண்ணே?"

"தெரியும். எத்தனை தடவை போயிருக்கேன்."

வாய் கூசாமல் வந்த பொய். ஓட்டுநர் தயங்கினார். தனக்குக் கண்ணே திறக்கவில்லை, மண்பாதையெல்லாம் முடியாது என்றார். "நகரு, நான் எடுக்கறேன்" என்றார் சக்கரம். சொன்ன சத்தியம், டாக்டரின் எச்சரிக்கை, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்ற விதி, மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டி ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

உள்ளங்கையில் ஸ்டியரிங் பட்டதும் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. கிளட்ச், கியர், மெல்ல ஆக்சிலரேட்டர். வேன் பாதையில் இறங்கியது. இத்தனை மாதமாக உள்ளே உறுமிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று சட்டென்று அடங்கியது. தடத்தில் தடம் வைத்து ஓட்டினார். ஆறு வலது பக்கம் பளபளத்துக்கொண்டே கூட வந்தது. மரக்கூட்டம் நெருங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

வளைவுக்குச் சற்று முன்னால், மழைத் தண்ணீர் அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை. லாரியில் இதைப்போல ஆயிரம் வாங்கியிருப்பார். ஆனால் இடுப்புக்குக் கீழே யாரோ கம்பியைக் காய்ச்சி வைத்தது போல இருந்தது. எப்படியோ பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். அதற்குமேல் விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

ஓட்டுநருக்குத் தூக்கமெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. அவரை மெதுவாக இறக்கி, கரைப் புல்லில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"பெட்டி நல்லா இருக்கு அண்ணே. கட்டின பட்டை கூடத் தளரலை. அந்தப் பக்கம் ஆள் யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டு வர்றேன். வழி உங்களுக்குத் தெரியும்ல, பக்கத்துல வீடு எதுவும் இருக்கா?"

"எனக்கு வழி தெரியாதுப்பா" என்றார் சக்கரம்.

ஓட்டுநர் அவரை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். வளைவைப் பார்த்து ஓடினார்.

கழுத்தைத் திருப்ப முடியாததால் சக்கரத்துக்குத் தெரிந்தது ஆறு மட்டும்தான். பாதை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எறும்பு ஒன்று காதுக்குள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடவும் முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அத்தனை வருஷம் ஓட்டியும் இந்த நேரத்தில் அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் அடிக்கிற வெயில்தான். கண்ணைக் கூச வைக்கிற எதிரி.

நிறம் ஒரு நொடி நிற்கவில்லை. ஆரஞ்சு என்று நினைத்தால் செம்பாகிவிட்டது. செம்பு என்பதற்குள் நடுவில் சாம்பல் இறங்கியது. அலை ஒன்று திரும்பினால் எல்லாம் மாறி, பழையது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தப் பெயர் தெரியாத ஆள் இதை எப்படித்தான் பிடித்தான்? தூரிகையில் ஒரு நிறத்தைத் தொட்டு எடுப்பதற்குள் அது போயிருக்குமே. ஈரம் காய்வதற்குள் இருட்டியிருக்குமே. அவனும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் தவித்திருப்பான் என்று தோன்றியது. அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை, படபடப்பைத்தான் கூட்டியது. எல்லாம் போய்க்கொண்டிருந்தது, அவர் மட்டும் கிடந்தார். வீட்டில் இந்நேரம் விளக்குப் போட்டிருப்பாளா?

ஓட்டுநர் ஆட்களோடு திரும்பி வந்தபோது தண்ணீரில் வெளிச்சமே இல்லை.

"வளைவுக்கு அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?" இதுதான் சக்கரம் கேட்ட முதல் கேள்வி.

"செங்கல் சூளை. அதோட பாதை முடியுது. பாலமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை."

"மண்ணாங்கட்டி நிறைய இருக்கே" என்றார் கூட வந்த சூளைக்காரர்களில் ஒருவர். வலியிலும் சக்கரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் உயிரே போனது.

செங்கல் சுமக்கும் பலகையில் அவரைக் கிடத்தித் தூக்கினார்கள். இன்னும் சிலர் வேனைப் பள்ளத்திலிருந்து தள்ளி மேட்டுக்கு ஏற்றினார்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஓட்டுநர் சுற்றுவழியில் போய் மறுநாள் பெட்டியைக் கண்காட்சியில் ஒப்படைத்தார். படத்துக்கு ஒரு கீறல் இல்லை.

கீறல் இல்லை என்பதால் விதி மாறிவிடாது. அதிகாரி அவரைப் பார்க்க வீட்டுக்கே வந்தாள். கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"உங்களைத் திரும்ப எடுக்க முடியாது. சொல்றதுக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு."

"எடுக்கக்கூடாது மேடம். நானா இருந்தாலும் எடுக்கமாட்டேன்." சற்று நிறுத்தி, "அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார்.

அவள் போன பிறகு வீட்டில் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. மகள் அவரோடு பேசவில்லை. ஒரு வாரம் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானாக வந்து தலையணையைச் சரிசெய்தாள். மனைவிதான் கோபப்படவே இல்லை. அது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. ஒரு மத்தியானம் மிஷின் நின்றது.

"வழி தெரியும்னு அந்த வேன்காரப் பையன்கிட்டச் சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"ஏன்?"

அவர் கூரையைப் பார்த்தார். "தெரியலை. போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். எனக்கு அது எப்பவும் இருக்கும் போல. காலை வெட்டிப் போட்டாலும் இருக்கும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு மட்டும் இல்லைன்னு நினைச்சீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார், வலியோடு.

"மிஷினை மிதிக்கறேன்ல, தினமும். எவ்வளவு தூரம் மிதிச்சிருப்பேன்? ஒரு தெரு தாண்டியிருப்பேனா? வீட்டுல ஒருத்தர் இருந்தாகணுமேன்னு இருந்தேன். எனக்கு உக்காரப் பிடிச்சிருந்துச்சுன்னு இல்லை."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. "அப்ப எங்க போகணும் உனக்கு?" என்று கேட்டார்.

"எங்கயாச்சும். இடம் முக்கியமா?"

அவர் எழுந்து நடக்கப் பல வாரங்கள் ஆயின. நடக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் அவளே போய்க் கேட்டாள். பஸ்ஸில் போகலாம், ஆனால் அடிக்கடி இறங்கி நடக்க வேண்டும், பட்டையைக் கழற்றக்கூடாது என்றார் டாக்டர். மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். சாவியை மகளிடம் கொடுத்தாள். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "எங்க போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள்.

"போய்ட்டுச் சொல்றோம்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அவள் பிடித்துக்கொண்டாள். சக்கரம் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தார். பயணியாக உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷர். வளைவு வரும்போதெல்லாம் வலது கால் முன் இருக்கையின் அடியில் போய் அமுக்கியது.

"அதென்ன ஊரு?" என்றாள் அவள்.

அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் டீ நன்றாக இருக்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அந்த ஊரின் மஞ்சள் மணிக்கூண்டை அவர் பார்த்ததே இல்லை.

"அந்த மலைக்குப் பேர் என்ன?"

"மலையா? எங்க இருக்கு?"

"என்னங்க நீங்க, இந்த வழியாத்தானே வாழ்க்கை பூரா ஓட்டுனீங்க?"

"நான் ரோட்டைத்தானே பார்த்தேன்."

ஒரு பெரிய நிறுத்தத்தில் பஸ் நின்றது. பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்று கண்டக்டர் சொன்னார். அவள் முதலில் இறங்கினாள். சக்கரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்குவதற்குள் ஆளைக் காணவில்லை. டீக்கடையில் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் இல்லை. பஸ்ஸைச் சுற்றி வந்தார், ஒருமுறை, இன்னொருமுறை. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்ஜின் உறுமியது.

"ஒரு நிமிஷம் தம்பி, என் வீட்டுக்காரி வரணும்" என்று படிக்கட்டில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்துக்கொண்டு கத்தினார். டிரைவர் ஹாரன் அடித்தார். கூட்டத்தில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எங்கே போனாள்? சொல்லாமல் கொள்ளாமல் எப்படிப் போவாள்?

சாலைக்கு எதிர்ப்பக்கம், கடைகளுக்கு நடுவிலிருந்த ஒரு சந்திலிருந்து அவள் வந்தாள். அவசரப்படவே இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, நிதானமாக வந்து நின்றாள்.

"எங்க போயிட்டே? வண்டி கிளம்பிடுச்சு தெரியுமா? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"அந்தச் சந்து எங்க போகுதுன்னு பார்த்தேன்" என்றாள் அவள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். "தள்ளுங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க பாருங்க. ஆமா, அடுத்து எங்க நிப்பாட்டுவான்?"